சுப்பீரியர் ஏரியின் வடகரையில் தனியாக: முதல்முறை காரில் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரிலிருந்து கனடா எல்லை வரை சுப்பீரியர் ஏரியை ஒட்டியே போகிறது 61ஆம் எண் நெடுஞ்சாலை. மொத்தம் 150 மைல் சொச்சம். எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் எல்லையைத் தொட்டுவிடலாம். அப்படித் தொட்டுவிட்டு, "ஏரி பெரிசுதான், மற்றபடி ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காரை விட்டு இறங்கியிருக்க மாட்டார்கள். சாலையோரத்திலும் சற்று உள்ளேயுமாக எட்டு மாநிலப் பூங்காக்கள், பத்து நிமிட நடையில் பல அருவிகள், கரையிலிருந்து உள்ளே திரும்பினால் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன ஏரிகள். குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள்.

தனியாகப் போகிறவர் ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இருட்டும்போது நான் எங்கே இருப்பேன்? இந்தப் பக்கத்தில் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை பொழுது சாய்ந்த பிறகு வருபவை. மான் குறுக்கே ஓடும், சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், அறை கிடைக்காது, போனில் சிக்னல் இருக்காது, குளிர் இறங்கும். கூட ஒருவர் இருந்தால் அவர் சாலையைப் பார்ப்பார், நீங்கள் மேப்பைப் பார்க்கலாம். தனியாக இருக்கும்போது இரண்டும் உங்கள் வேலை. அதனால் முடிவுகளில் பாதியை வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

என் ஓட்டு செப்டம்பருக்கு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். கொசு வெகுவாகக் குறைந்திருக்கும், பகல் நடப்பதற்கு இதமாக இருக்கும். மாதக் கடைசியில் உள்பக்க மலைகளில் மேப்பிள் மரங்கள் சிவக்கும். அக்டோபர் முதல் பாதியில் கரையோர பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். ஆனால் அந்த இலை நிறத்துக்காகவே கூட்டம் கூடுவதால் அந்த வார இறுதிகளில் கடைசி நேரத்தில் அறை தேடினால் கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை போகிறமாதிரி லீவு போடுங்கள்.

அருவிதான் வேண்டும் என்பவர்கள் மே மாதம் போகலாம். பனி உருகி ஆறுகள் கொப்பளித்து ஓடும். ஆனால் நடைபாதைகள் சேறாக இருக்கும், சிலவற்றைத் தற்காலிகமாக மூடியும் வைப்பார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈக்கள். அவை கடித்தால் ரத்தம் வரும். அதோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள்தான், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டால். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, முதல்முறை தனியாகப் போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் 29 பேரோடு இந்த ஏரியில் மூழ்கியது 1975 நவம்பர் 10ஆம் தேதி. நவம்பர்க் காற்று அந்த வகை.

பகல் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூன் கடைசியில் ஒன்பது மணிவாக்கில்தான் சூரியன் மறையும். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்குள் மறைந்துவிடும். ஒரே திட்டம் இரண்டு மாதத்துக்கும் ஒத்துவராது.

தங்குமிடமும் அனுமதிச் சீட்டும்

முதல் இரவு டுலூத், அடுத்த மூன்று இரவும் அங்கிருந்து 110 மைல் தள்ளியுள்ள கரையோரச் சிற்றூர் கிராண்ட் மரே. இப்படித்தான் நான் சொல்வேன். தினமும் ஒரு ஊரில் தங்கினால் தினமும் மூட்டை கட்ட வேண்டும், தினமும் மாலை புது இடத்தைத் தேடி ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று இரவு என்றால் மழை பெய்யும் நாளைச் சும்மா விட்டுவிட்டு, நாள்களை மாற்றிப்போட்டுக்கொள்ளலாம். மாலையில் திரும்பும் வழியும் பழகியிருக்கும்.

கூடாரம் போடுபவர்கள் மாநிலப் பூங்காக்களில் 120 நாள் முன்னதாகவே இடம் பதிவு செய்யலாம். நல்ல இடங்கள் பதிவு திறந்த அன்றே போய்விடும். சுப்பீரியர் ஹைக்கிங் டிரெயில் என்ற 300 மைல் நடைபாதையில் உள்ள முகாம்களுக்குக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஆனால் அங்கே மூட்டையைச் சுமந்து நடந்துதான் போக வேண்டும், இடத்தை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். முதல்முறைக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விறகு வெளியூரிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பரவுவதால், பூங்காவில் அல்லது பக்கத்தில் விற்கும் அங்கீகரிக்கப்பட்ட விறகைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மாநிலப் பூங்காவுக்குள் காரை நிறுத்த வாகன அனுமதி தேவை. ஒரு நாள் சீட்டும் உண்டு, வருடச் சீட்டும் உண்டு. ஒரு நாள் சீட்டு அன்றைக்கு எல்லா மாநிலப் பூங்காக்களுக்கும் செல்லும். ஐந்து நாள் போவதென்றால் வருடச் சீட்டே வாங்கிவிடலாம். தினமும் வரிசையில் நிற்கும் வேலையாவது மிச்சம்.

காரில் என்ன, போனில் என்ன

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். டுலூத், டூ ஹார்பர்ஸ், சில்வர் பே, கிராண்ட் மரே எல்லாவற்றிலும் பங்க் உண்டு. உள்பக்கம் திரும்பினால்தான் சிக்கல். வாடகைக் கார் என்றால் சரளைக் கல் சாலையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, உபரி டயர் இருக்கிறதா, இரண்டையும் வாங்கும்போதே பாருங்கள். டயருக்குப் பதிலாக வெறும் காற்றடிக்கும் கருவி மட்டும் வைத்திருக்கும் கார்கள் இப்போது நிறைய.

மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு காகித மேப்பும் இருக்கட்டும். இந்தச் சாலையில் வழி சொல்லும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதி மேப் தேவைப்படாது. டுலூத்திலிருந்து எத்தனை மைல் என்பதைக் காட்டும் சின்னப் பச்சைப் பலகைகள் ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் அதை வைத்துத்தான் இடம் சொல்வார்கள். கூஸ்பெரி அருவி 39, டெட்டகூச் பூங்கா 58, கிராண்ட் மரே 110 வாக்கில், ஜட்ஜ் மாக்னி பூங்கா 124, எல்லை 150. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது மினசோட்டாவில் 2019 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி குற்றம்.

இன்னொரு சீட்டு வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். எந்த நாள் எந்தப் பூங்கா, எங்கே தங்கல், காரின் எண், மாலை எத்தனை மணிக்குள் தகவல் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு அவர் 911 என்ற அவசர எண்ணையோ, அந்த மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தையோ கூப்பிட வேண்டும். இந்தப் பகுதியில் காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு ஷெரிஃபுடையது. டூ ஹார்பர்ஸ் பக்கம் லேக் மாவட்டம், கிராண்ட் மரே பக்கம் குக் மாவட்டம். ஐஃபோன் 14இலும் அதற்குப் பிறகு வந்த மாடல்களிலும் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி இருக்கிறது. அதை எப்படித் திறப்பது என்று வீட்டிலேயே ஒருமுறை பழகிப் பாருங்கள். மேலே வானம் திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும், அடர்ந்த மரங்களுக்கு நடுவே நின்றால் திணறும்.

பாஸ்போர்ட் விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, 18 வயதைக் கடந்த எவரும் தங்கள் குடிவரவு ஆவணத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லைப் பகுதியில் அதை யாராவது கேட்கும் வாய்ப்பும் அதிகம். கிராண்ட் போர்ட்டேஜ் மாநிலப் பூங்கா எல்லைச் சாவடிக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் நேரே கனடா. இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா இல்லாமல் அங்கே போய் நின்று விளக்கம் சொல்வது தேவையில்லாத அவஸ்தை. 150ஐ நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, பலகையைப் பார்த்துத் திரும்புங்கள். போன் கனடா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக் காட்டக்கூடும். அதற்குப் பதறாமல் கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

முதல் நாள்: டுலூத்

மினியாபொலிஸிலிருந்து ஐ-35 நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டுலூத்தை நெருங்கும்போது சாலை குன்றின் உச்சிக்கு ஏறி, கீழே ஏரி முழுதாகத் தெரியும். அதுவரை சும்மா ஓட்ட வேண்டியதுதான்.

அறையில் பையை வைத்ததும் கப்பல் கால்வாயை ஒட்டிய கனால் பார்க் போங்கள். 1905இல் கட்டி, பிறகு தூக்குப் பாலமாக மாற்றிய இரும்புப் பாலம் அங்கே நிற்கிறது. கப்பல் வரும் நேரங்களை இணையத்தில் வெளியிடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வீணாகக் காத்திருக்க வேண்டாம். முதலில் தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரியும். கிட்டே வர வர அது ஆயிரம் அடி நீளக் கப்பல் என்று புரியும். சங்கு ஊதும், பாலமும் பதிலுக்கு ஊதும், நடுப்பகுதி மட்டத்தோடு மேலே எழும். கால்வாய்ச் சுவரில் நிற்கும் உங்களுக்குச் சில கஜ தூரத்தில் அந்த இரும்புச் சுவர் சத்தமில்லாமல் நகர்ந்து போகும். மாலுமி யாராவது கையசைப்பார். இதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.

மளிகை, மருந்து, பூச்சி விரட்டி, கூடுதல் பேட்டரி எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். இதற்கு மேல் இவ்வளவு பெரிய கடைகள் இல்லை.

இரண்டாம் நாள்: டுலூத்திலிருந்து கிராண்ட் மரே

டுலூத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் வேகச்சாலை, வலதுபக்கம் கரையோரப் பழைய சாலை. ஜிபிஎஸ் உங்களை வேகச்சாலைக்குத்தான் தள்ளும். கேட்காதீர்கள். பழைய சாலையில் கொஞ்சம் நேரம் கூடும், டூ ஹார்பர்ஸ் வரை ஏரி பக்கத்திலேயே வரும்.

டூ ஹார்பர்ஸில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தைக் கரையில் நின்று பார்க்கலாம். 1884இல் மினசோட்டாவின் இரும்புத்தாது முதன்முதலாகக் கப்பலேறியது இங்கிருந்துதான். பிறகு மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் இரண்டு. அவற்றுக்கப்பால் கூஸ்பெரி அருவி. பார்வையாளர் மையத்தின் வாகன நிறுத்தம் நெடுஞ்சாலை ஓய்விடமாகவும் இருப்பதால் அங்கே அனுமதிச் சீட்டு தேவையில்லை. பத்து நிமிட நடையில் மேல், நடு, கீழ் அருவிகள் மூன்றும் பார்த்துவிடலாம். ஈரப் பாறையில் கால் வைக்கும்போது கவனம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை அது, சுமார் 110 கோடி ஆண்டுப் பழசு. பாசி படிந்த இடம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்துக்கு ஏழு மைல். 1905 நவம்பர் புயலில் 29 கப்பல்கள் சேதமடைந்த பிறகு கட்டத் தொடங்கி, 1910இல் விளக்கேற்றினார்கள். அப்போது இங்கே சாலையே கிடையாது. கல்லும் இரும்பும் படகில் வந்து, பாறையின் உச்சிக்குப் பாரந்தூக்கியால் ஏறின. கலங்கரை விளக்கம் இருக்கும் வளாகத்துக்குத் தனிக் கட்டணம். எல்லாப் படங்களிலும் நாம் பார்க்கும் அந்தக் கோணம் மட்டும் வேண்டுமென்றால் பூங்காவின் கூழாங்கல் கரைக்கு நடந்தால் போதும், வாகன அனுமதியே செல்லும். கல்லைப் பொறுக்கிப் பையில் போட வேண்டாம். மாநிலப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போகத் தடை இருக்கிறது.

மதியத்துக்கு மேல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, பாலிசேட் ஹெட். குறுகிய சாலையில் குன்றின் உச்சிவரை கார் போகும், அங்கிருந்து செங்குத்தாக முந்நூறு அடி கீழே ஏரி. தடுப்புக் கம்பி இல்லை. செல்ஃபி எடுக்க விளிம்புக்குப் போகும் ஆசை வந்தால், உங்களை எச்சரிக்கக்கூட யாரும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, டெட்டகூச் பூங்காவின் ஹை ஃபால்ஸ். போய்வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பிற்பகலில் திணித்தால் கிராண்ட் மரேக்கு இருட்டில்தான் போவீர்கள். டெட்டகூச்சிலிருந்து இன்னும் ஐம்பது மைல் பாக்கி இருக்கிறது.

வழியில் சில்வர் பேயில் கருப்பு மணல் கடற்கரை ஒன்றுக்குப் பலகை பார்ப்பீர்கள். அந்தக் கருமணல் இயற்கை அல்ல. டேக்கனைட் என்ற இரும்புத்தாதைப் பிரித்தெடுத்த ஆலை, 1980 வரை ஏரியில் கொட்டிய கழிவு. நீண்ட வழக்குக்குப் பிறகுதான் கொட்டுவது நின்றது. பார்க்க அழகாக இருப்பது வேறு விஷயம்.

மானும் மூஸும்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாலை மங்கும் நேரமும் விடியற்காலையும் மான்கள் சாலையைக் கடக்கும் நேரம். ஒன்று கடந்துவிட்டது என்று வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். திடீரென்று குறுக்கே வந்தால் உங்கள் தடத்திலேயே இருந்தபடி பிரேக்கை அழுத்துங்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் எதிர் வண்டியிலோ மரத்திலோ மோதுவீர்கள், அது மானில் மோதுவதைவிட மோசம்.

மூஸ் வேறு ரகம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கருத்த விலங்கு, கால்கள் நீளம். காரின் முகப்பு அதன் காலைத் தட்டினால் உடல் முழுவதும் கண்ணாடி வழியாக உள்ளே வரும். இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் அதன் உடம்பு எளிதில் தெரியாது. கிராண்ட் மரேக்கு மேலே உள்ள காட்டுச் சாலைகளில்தான் மூஸ் அதிகம். அங்கே பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

மூன்றாம் நாள்: ஆறு மறையும் பள்ளமும் எல்லை அருவியும்

கிராண்ட் மரே 1,300 பேர் போல வசிக்கும் துறைமுகச் சிற்றூர். காலையில் ஆர்ட்டிஸ்ட்ஸ் பாயின்ட் வரை பாறைகளின்மேல் நடந்துவிட்டு, பதினான்கு மைல் தள்ளியுள்ள ஜட்ஜ் மாக்னி பூங்காவுக்குப் போங்கள். புரூல் ஆற்றோரமாக ஒரு மைலுக்குச் சற்று மேல் நடை. போகும்போது ஏறக்குறைய 200 மரப்படிகளில் இறங்குவீர்கள். இறங்குவது சுகமாக இருக்கும். திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்துத் தண்ணீரை மிச்சம் வையுங்கள்.

நடையின் முடிவில் டெவில்ஸ் கெட்டில். பாறை ஒன்று ஆற்றை இரண்டாகப் பிளக்கிறது. வலப்பக்கத்து நீர் எல்லா அருவியையும்போல் குளத்தில் விழுகிறது. இடப்பக்கத்து நீர் பாறைக் குழி ஒன்றுக்குள் விழுகிறது, வெளியே வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள், பிங்பாங் பந்து போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மாநில நீரியல் நிபுணர்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். அருவிக்கு மேலேயும் கீழேயும் ஆற்றின் ஓட்டத்தை அளந்தார்கள். மேலே நொடிக்கு 123 கன அடி, கீழே 121. அளவையில் வரும் பிழைக்குள் அடங்கும் வித்தியாசம். அதாவது குழிக்குள் போன நீர் சற்றுத் தள்ளி அதே ஆற்றில்தான் கலக்கிறது. 2017இல் அந்த முடிவு வெளியானது. விஷயம் தெரிந்த பிறகும், வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அந்தக் குழியைப் பார்க்கும்போது நீர் காணாமல் போவதாகவே தோன்றும். வேலியைத் தாண்ட வேண்டாம்.

அங்கிருந்து கிராண்ட் போர்ட்டேஜ். பிஜன் ஆற்றின் ஹை ஃபால்ஸ் 120 அடி, மினசோட்டாவிலேயே உயரமானது. எதிர்க்கரை கனடா. அரை மைல் நடை, சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சீரான பாதை. இந்த நிலம் ஓஜிப்வே என்ற பழங்குடி மக்களுடையது, பூங்காவை மாநிலமும் அவர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பக்கத்தில் உள்ள தேசிய நினைவிடத்தில், தோல் வணிகர்கள் ஆற்றின் அருவிகளைத் தவிர்க்க 8.5 மைல் தூரம் மூட்டையையும் படகையும் தோளில் சுமந்து நடந்த பாதையின் தொடக்கத்தைப் பார்க்கலாம். அனுமதி இலவசம்.

நான்காம் நாள்: உள்ஏரிகள்

கிராண்ட் மரேயிலிருந்து மேலே ஏறும் கன்ஃப்ளின்ட் டிரெயில் 57 மைல் நீளத் தார்ச்சாலை. கடைசியில் முட்டுச்சந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டு காலையில் கிளம்புங்கள். முழுதும் போக வேண்டிய அவசியம் இல்லை. பாதி வழியில் ஹனிமூன் பிளஃப் என்ற சின்ன ஏற்றம் இருக்கிறது. மேலே நின்றால் ஹங்ரி ஜாக் ஏரி காலடியில் தெரியும்.

இதையொட்டித்தான் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காட்டு ஏரிப் பகுதி. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள், பெரும்பாலானவற்றில் மோட்டார் படகு கிடையாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க எண்ணிக்கை கட்டுப்பாடுள்ள அனுமதி எடுக்க வேண்டும். பகலில் துடுப்புப் படகில் போய்வருபவர்கள் நுழைவிடத்தில் தாங்களே எழுதிக்கொள்ளும் இலவசச் சீட்டு போதும். கண்ணாடிப் பாட்டிலும், உணவு அடைத்த தகர டப்பாவும் உள்ளே அனுமதி இல்லை.

துடுப்பே பிடித்திராதவர் தனியாக உள்ளே போய் இரவு தங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். படகு வாடகைக்கு விடும் இடங்களில் வழிகாட்டியோடு அரைநாள் போய்வரலாம், இல்லாவிட்டால் விடுதியின் முன்னால் உள்ள சின்ன ஏரியில் கரையோரமாகவே துடுப்புப் போட்டுப் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். சுப்பீரியர் ஏரியில் மட்டும் துடுப்புப் படகை இறக்காதீர்கள். ஆண்டு சராசரியில் அதன் நீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுதான். கோடையிலும் திடீரென்று விழுந்தால் மூச்சு முதலில் தடுமாறும், நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது.

செப்டம்பர் கடைசி என்றால் கன்ஃப்ளின்ட்டை விட்டுவிட்டு ஓபெர்க் மலைக்குப் போங்கள். டாஃப்டி, லட்சன் என்ற கரையோர ஊர்களுக்கு நடுவே உள்ளே திரும்பும் சாலை. இரண்டு மைல் சொச்சச் சுற்று, சிவந்த மேப்பிள் காடு ஒருபக்கம், ஏரி மறுபக்கம். காலை எட்டு மணிக்குள் போகாவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

தனியாக நடக்கும்போது

பாதையில் காலெடுத்து வைக்கும்முன் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மூன்று மணிக்குத் திரும்புவேன் என்றால், அருவி இன்னும் கால் மைல்தான் என்று பலகை சொன்னாலும் மூன்று மணிக்குத் திரும்புங்கள். பையில் ஹெட்லைட், விசில், மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை. கரையில் வெயிலாக இருந்தாலும் ஏரிக் காற்று திரும்பினால் ஐந்து நிமிடத்தில் நடுங்க வைத்துவிடும். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் காயாது, அதை ஊருக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆற்றுநீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் வடிகட்டியோ காய்ச்சியோதான் குடிக்க வேண்டும்.

இங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான். அது பெரும்பாலும் உங்களைக் கண்டு ஓடிவிடும். கூடாரத்துக்குள் சாப்பாடோ பற்பசையோ வைத்தால் அதைத் தேடி வரும். எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கள். எதிரே வந்தால் ஓடாமல், கையை உயர்த்திச் சத்தமாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள்.

படங்களை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு பதிவிடுங்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு மட்டும் சொல்வதல்ல இது.

சாப்பாடு

சிற்றூர்களில் இரவு எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் மூடும் கடைகளும் உண்டு. அக்டோபருக்குப் பிறகு பல கடைகள் பூட்டிவிடும். புகையில் வாட்டிய ஏரி மீன், காட்டரிசி சூப், பை என்ற பழப் பணியாரம் ஆகியவை இந்தக் கரையின் பெயர்போன சாப்பாடு. சைவம் என்றால் காட்டரிசி சூப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் கோழிச்சாற்றில்தான் கொதிக்க வைத்திருப்பார்கள். ஒருவேளைச் சாப்பாடு எப்போதும் காரில் இருக்கட்டும்.

திரும்பும் நாள்

வந்த வழியே திரும்பினால் கிராண்ட் மரேயிலிருந்து மினியாபொலிஸ் ஐந்து மணி நேரம். இரண்டாம் நாள் விட்டுப்போன பாலிசேட் ஹெட்டையோ ஹை ஃபால்ஸையோ இப்போது பார்த்துக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு நாள் கையில் இருந்தால் டெட்டகூச்சுக்கு அருகே 1ஆம் எண் சாலையில் திரும்பி ஈலி என்ற ஊருக்குப் போங்கள். அறுபது மைல், வளைவுகள் நிறைய, மனித நடமாட்டம் குறைவு. ஈலியில் ஓநாய்களுக்கென்றே ஒரு சர்வதேச மையம் இருக்கிறது, அங்கே ஓநாய்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். அந்தச் சாலையையும் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

ஊர் வந்ததும் சீட்டு கொடுத்து வைத்தவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, உண்ணிச் சோதனையைக் கடைசியாக ஒருமுறை செய்யுங்கள். பயணம் முழுக்க தினமும் இரவு செய்ய வேண்டிய வேலை அது. மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி இவ்வளவையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவதோ நெருப்பால் சுடுவதோ வேண்டாம். நடந்த துணிகளைத் துவைக்கும் முன் உலர்த்தியில் அதிக சூட்டில் போட்டு எடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் தோலில் வட்டமாகப் பரவும் சிவப்பு வந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ, மருத்துவரிடம் போய் வடமினசோட்டாக் காட்டில் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.